சின்னவிரலைத் தொட்டு எழுப்புகிறவள்

அவள் யாரையும் தோளில் தட்டி எழுப்பியதை நான் பார்த்ததில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எழுப்பமாட்டாள். காலடிக்குப் போவாள். போர்வையைக் கொஞ்சம் விலக்குவாள். காலின் சின்னவிரலை இரண்டு விரலால் பிடித்து ஒரு தரம் மெல்ல அசைப்பாள். பிறகு கையை எடுத்துவிட்டுப் பேசாமல் நிற்பாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் காலையில் முகம் கழுவ எழுப்புவதும் அப்படித்தான், வாடகை அறையில் என்னை எழுப்புவதும் அப்படித்தான். முதல் நாள் எனக்கு நல்ல எரிச்சல் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் காலைத் தொடுவதென்றால் ஒன்றில் அது கலியாண வீடு, இல்லாவிட்டால் செத்த வீடு. இரண்டும் இல்லாத நேரத்தில் என் காலில் இவளுக்கு என்ன வேலை என்று நினைத்தேன்.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்தோம். நான் மருந்துக் கவுண்டரில். அவள் வார்டில் உதவியாள். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது, நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறைவு. நான் பண்டத்தரிப்புக்காரி. அவள் மாதகல் கடற்கரையோரம், வேதக்காரக் கத்தோலிக்கக் குடும்பம். பிறந்த ஊர்கள் இரண்டும் பக்கத்தில் இருந்தும், முப்பத்தெட்டு வயதில் நகரத்துக்கு வந்துதான் அறிமுகமானோம். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலுள்ள குறுகிய ஒழுங்கையில், ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் தன் வீட்டின் பின்னறையை இரவு வேலைப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மூன்று கட்டில். யன்னலுக்குக் கறுப்புத் துணி. ஒரு மேசை, ஒரு காற்றாடி. மூன்றாவது கட்டிலுக்கு ஆட்கள் வருவார்கள், போவார்கள். நாங்கள் இருவர்தான் நிரந்தரம்.

பகலில் நித்திரை கொள்வதைப் போல ஒரு களைப்பு வேறில்லை. ஊர் முழுக்க எழும்பி நடமாடும் நேரத்தில் நாங்கள் போய்ப் படுப்போம். வெளியே மீன்காரன் ஹோன் அடிப்பான். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒலிபெருக்கியில் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லுவார்கள். பத்து மணிக்குப் பிறகு கூரை சுடத் தொடங்கும். நித்திரை வரும், ஆனால் முழுதாக வராது. ஒரு காது எப்போதும் வெளியே கிடக்கும். மாதக்கணக்கில் அப்படிப் படுத்து எழும்பினால் உடம்பு எது பகல் எது இரவு என்ற கணக்கைக் கைவிட்டுவிடும். அப்போதுதான் அது வரத் தொடங்கும்.

எனக்கு முதன்முதல் வந்தது அந்த அறைக்குப் போய் இரண்டு மாதம் கழித்து. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மல்லாக்கக் கிடந்தேன். விழித்துவிட்டேன் என்று நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் குசினியில் ரீச்சர் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. கையைத் தூக்கப் பார்த்தேன், கை என்னுடையதாக இல்லை. தலையைத் திருப்ப முடியவில்லை. கட்டிலின் ஓரமாகக் கறுப்பாக ஏதோ ஒன்று ஏறி வந்து நெஞ்சில் குந்தியது. மூச்சுப் போகவில்லை. கத்தினேன் என்றுதான் நினைத்தேன். மூக்கால் ஒரு முனகல் மட்டும் போயிருக்கிறது. அந்த நேரம் காலின் சின்னவிரலில் ஒரு கை பட்டது. அந்த விரல் அசைந்தது. விரலிலிருந்து பாதம், முழங்கால், இடுப்பு என்று வரிசையாக எல்லாம் எனக்குத் திரும்பி வந்தது. எழும்பி இருந்தபோது சட்டை முழுக்க வேர்வை.

"அமுக்கினதோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"ஆர் வந்தது?"

"தெரியாது. கறுப்பா ஒண்டு. நெஞ்சிலை ஏறி இருந்தது."

"பயப்பிடாதையும். நீர் எழும்பீட்டீர், உம்மடை உடம்பு இன்னும் எழும்பேல்லை. விசயம் அவ்வளவுதான். அது வந்து சேருமட்டும் நீர் கொஞ்சம் பொறுத்திருக்கவேணும்."

"அப்ப பேயில்லையோ?"

"இந்த வெயிலுக்கை பேய்க்கு என்ன வேலை" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் கட்டிலில் படுத்தாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மருந்துக் கவுண்டரில் பதினாறு வருடம் இருந்தவள் நான். நித்திரைக்கு எத்தனை வகைக் குளிசை உண்டென்று பட்டியல் சொல்லுவேன். இந்த ஒரு விளக்கத்தை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பிறகு ஒருநாள் எங்கள் டொக்டரிடம் கேட்டேன். அவர் நீட்டி முழக்கிச் சொன்னதும் கடைசியில் அதுதான். கனவு காணும் நேரத்தில் உடம்பு தன்னைத்தானே கட்டிப்போடுமாம், கட்டு அவிழ முன்பு அறிவு விழித்துக்கொண்டால் இப்படி ஆகுமாம், கண்ட கனவின் மிச்சம் அறைக்குள் நிற்குமாம். அவள் எட்டாம் வகுப்பு. அவளுக்கு இதை யார் சொன்னதென்று கேட்டதற்கு, "ஒருத்தரும் சொல்லேல்லை. கன தரம் வந்தால் விளங்கும்தானே" என்றாள்.

அந்த அறைக்கு அவள் சில சட்டங்கள் வைத்திருந்தாள். சரிந்து படுக்கவேண்டும், மல்லாக்கப் படுக்கக் கூடாது. வேலை முடிந்து வந்து வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டு விழக் கூடாது. விடியப்புறம் நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணி கூடாது. அமுக்கினால் கத்தப் பார்க்காமல் மூச்சை மட்டும் எண்ணவேண்டும், சின்னவிரலை மட்டும் நினைக்கவேண்டும். யாராவது மூக்கால் முனகுவது கேட்டால், கேட்டவர் எழும்பிப் போய்க் காலின் சின்னவிரலைத் தொடவேண்டும். வெளிச்சம் போடக் கூடாது, உலுப்பக் கூடாது.

"ஏன் உலுப்பக் கூடாது?" என்று மூன்றாம் கட்டிலுக்கு வந்த ஒரு நேர்ஸ் கேட்டாள்.

"தோளைப் பிடிச்சு உலுப்பினால் அமுக்கிறவன்ரை கை எண்டு நினைச்சு இன்னும் பயந்துபோவினம். கால் தூரத்திலை கிடக்கு. அதைத் தொட்டால் ஆரோ மனுசர் நிக்கினம் எண்டு தெரியும்."

ரீச்சருக்கு இந்தச் சட்டங்களில் நம்பிக்கை இல்லை. நான் முனகிய செய்தி குசினிவரைக்கும் போனதும், அன்று பின்னேரமே பழைய பாக்குவெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் தலையணைக்குக் கீழே வைத்தார். இரும்பு இருந்தால் அமுக்குப் பேய் கிட்ட வராதாம். கிணற்றடி வேம்பில் பல வருடங்களுக்கு முன்பு ஒரு குமர்ப்பிள்ளை என்று ஒரு கதையும் தொடங்கினார். நான் வாய்காட்டத் தயாரானேன். அவள் என்னை முந்திக்கொண்டு, "இருக்கட்டும் ரீச்சர். பாக்குவெட்டியும் கிடக்கட்டும். இவவைச் சரிஞ்சு படுக்கவும் சொல்லுங்கோ" என்றாள். ரீச்சர் அன்றிலிருந்து தினமும் யன்னலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, சரிஞ்சு படுத்தனியோ?" என்று கேட்பதைக் கடமையாக எடுத்துக்கொண்டார். கொஞ்சம் கண்ணயரும் நேரம் பார்த்துத்தான் கேட்பார்.

வார்டிலும் அவளுக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது. கொடிகாமத்து மரக்கறி வியாபாரி ஒருவர் ஹேர்னியா சத்திரசிகிச்சைக்கு வந்து படுத்திருந்தார். அறுபது வயது, நல்ல திடமான மனிதர். இரண்டாம் நாள் விடியப்புறம், யாரோ தன் கழுத்தை நெரித்தார்கள் என்று வேர்த்துக்கொட்டி நடுங்கினார். இருதயமோ என்று ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒன்றுமில்லை. டொக்டர் வந்து இது ஒருவகை நித்திரை வாதம், பயமில்லை என்றார். மனிதருக்கு வாதம் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. உடனே லண்டனில் இருக்கும் மகனுக்கு அறிவித்தார்கள். அங்கிருந்து கனடாவில் இருக்கும் மகளுக்குப் போனது. விடிவதற்குள் ஆஸ்பத்திரித் தொலைபேசி கொதித்துப்போயிற்று, அப்பாவுக்கு எந்தப் பக்கம் இழுத்தது என்று கேட்டபடி. அவள் போய் அவர் காலடியில் நின்று, "ஐயா, நீங்கள் எழும்பீட்டியள், உடம்பு எழும்பேல்லை" என்று தன் பாடத்தைச் சொன்னாள். மூன்றாம் நாள் அவர் டொக்டரை விசாரிப்பதை விட்டுவிட்டார். "உந்தப் பிள்ளை காலடியிலை நிண்டாக் காணும்" என்றார். வீட்டுக்குப் போகும்போது அவளுக்கென்று ஒரு பை நிறையக் கத்தரிக்காய் அனுப்பினார். ஒரு கிழமை நாங்கள் கத்தரிக்காய்தான் சாப்பிட்டோம்.

அவளைப் பற்றி நல்லதாகச் சொல்லிக்கொண்டே போகிறேன். உண்மையில் அந்த நாட்களில் அவள்மேல் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. ஊருக்கெல்லாம் சரிந்து படுக்கச் சொல்லுகிறவள், தான் மல்லாக்கத்தான் படுப்பாள். தலையணையும் வைக்கமாட்டாள். விடியப்புறம் தேத்தண்ணி கூடாது என்று எங்களைத் துரத்துகிறவள், ஐந்து மணிக்குச் சாயம் கறுக்க ஒரு கோப்பை ஊற்றிக் குடிப்பாள். கேட்டால், "எனக்கு முதுகு நோ, சரிஞ்சால் ஏலாது" என்பாள். தேத்தண்ணியைப் பற்றிக் கேட்டால் கோப்பையைக் கழுவ எழும்பிப் போய்விடுவாள். கிழமையில் இரண்டு தரம், சில கிழமை மூன்று தரம் அவள் முனகுவாள். என் நித்திரையை உதறிவிட்டு எழும்பிப் போய் அவள் சின்னவிரலைத் தொடுவேன். கண்ணைத் திறப்பாள். என்னைப் பார்க்கமாட்டாள். வாசலைப் பார்ப்பாள். பிறகு "காணும், போதும்" என்பாள். ஒருநாள்கூட ஒரு நன்றி சொன்னதில்லை. இவளுக்காக நான் எத்தனை பகல் நித்திரையைக் கெடுத்திருக்கிறேன் என்று எனக்குள் புறுபுறுத்துக்கொண்டு போய்ப் படுப்பேன். களைத்த மனுசிக்குக் கோபம் கெதியாக வரும்.

இப்படி இரண்டு வருடம் போனது. அவள் மெலிந்துகொண்டே வந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்தது. தட்டுகளை அடுக்கும்போது நின்றபடி தூங்குவாள். ஒருநாள் ஒரு நோயாளிக்கு சேலைன் முடிகிற நேரம் நேர்ஸைக் கூப்பிடும்படி இவளைக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். இவள் அயர்ந்துபோனாள். போத்தல் வெறுமையாகிக் குழாயில் இரத்தம் ஏறியிருந்தது. நோயாளிக்கு ஒரு கேடும் வரவில்லை. ஆனால் நேர்ஸ்மாருக்கெல்லாம் மேலான மேற்றன் அவளைக் கூப்பிட்டு, ஒரு மாதம் தவணை தருகிறேன், நித்திரையைச் சரிப்படுத்திக்கொண்டு வா, இல்லாவிட்டால் வேறு இடம் பார் என்று சொல்லிவிட்டார். மேற்றன் கெட்டவர் அல்ல. வேறு என்ன சொல்லுவார்.

நான்தான் அவளை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் குளிசை எழுதினார். ஒரு மாதத்துக்கு முப்பது. இது போட்டால் அமுக்குவது பெரும்பாலும் நின்றுவிடும் என்றார். என் கவுண்டரில் என் கையாலேயே எண்ணிக் கொடுத்தேன். பத்து நாளாகியும் அவள் முனகல் நிற்கவில்லை. மருந்து பிடிக்கச் சில நாள் எடுக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். பிறகு ஒருநாள் ஊசிநூல் தேடி அவளுடைய பிஸ்கற் தகரப் பேணியைத் திறந்தபோது, நான் கொடுத்த உறை கொடுத்தபடியே இருந்தது. முப்பதும் இருந்தன.

எனக்கு வந்த கோபத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் குளித்துவிட்டு வரும்வரை உறையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன்.

"மற்றவைக்குச் சொல்ல மட்டும் உமக்கு வாயிருக்கு" என்றேன். "மல்லாக்கப் படுக்கிறீர். சாயம் கறுக்கத் தேத்தண்ணி குடிக்கிறீர். குளிசை போடுறேல்லை. நான் ஒவ்வொரு நாளும் எழும்பி எழும்பி உம்மடை காலைப் பிடிக்கவேணும். வேலையும் போகப்போகுது. உமக்கு என்ன பிரச்சினை?"

அவள் தலைத் துவாயை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். சுருக்கம் எடுத்து விரித்தாள். பிறகு வந்து எனக்கு எதிரே இருந்தாள்.

"முதுகு நோ எண்டது பொய்" என்றாள். "வேணுமெண்டுதான் மல்லாக்கப் படுக்கிறனான். அப்பிடிப் படுத்தால்தான் அது வரும்."

எனக்கு விளங்கவில்லை.

"அவர் வாறவர்" என்றாள்.

அவளுடைய கணவர் கடலில் போனவர் என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் சொன்னாள். அழாமல், வார்டில் ஒருத்தியிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போவது மாதிரி ஒழுங்காகச் சொன்னாள்.

"அப்ப நான் ஊரிலையிருந்துதான் வேலைக்கு வந்து போறனான். அண்டைக்கும் நைட் முடிச்சு முதல் பஸ்ஸிலை போய்ப் படுத்தனான். பின்னேரம் மூண்டரை இருக்கும். அவர் வலையைப் படகிலை ஏத்திப்போட்டு வந்து வாசல்லை நிண்டவர். 'இஞ்சேரும், முகத்திலை வெயில் படுது, கதவைச் சாத்திவிடட்டோ' எண்டு கேட்டவர். எனக்கு வடிவாக் கேட்டது. ஓம் எண்டு சொல்லப் பஞ்சியா இருந்தது. சண்டையுமில்லை, கோவமுமில்லை. வாயைத் திறக்கப் பஞ்சி, நித்திரைச் சோம்பல், அவ்வளவுதான். நான் நித்திரை எண்டு நினைச்சிருப்பார். கொஞ்ச நேரம் நிண்டு பாத்தவர். கதவைச் சாத்தினால் சத்தத்துக்கு எழும்பிப்போடுவன் எண்டோ என்னவோ, அப்பிடியே விட்டிட்டுப் போயிட்டார். மூண்டாம் நாள் படகு கிடைச்சது. கூடப் போனவரின்ரை உடம்பு கிடைச்சது. இவர் கிடைக்கேல்லை."

கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் தங்கள் ஆட்களின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தும்போது, தனக்கு ஒரு இடம் இல்லாததால் நடுவிலுள்ள பெரிய சிலுவையின் கீழே கொளுத்திவிட்டு வருவதாகவும் சொன்னாள். அந்த வீட்டில் படுக்கமுடியாமல்தான் இந்த அறைக்கு வந்தாளாம். வந்து ஒரு மாதத்தில் அமுக்கத் தொடங்கியிருக்கிறது.

"அதே மாதிரி வந்து வாசல்லை நிக்கிறார். இந்த வீட்டு வாசல்தான், ஆனா அவர் நிக்கிறது அதே நிலை. நான் சொல்லுமட்டும் பாத்துக்கொண்டு நிக்கிறார். நான் ஓம் எண்டு சொல்லப் பாக்கிறன். நாக்கு எழும்பாது. கனநேரம் கிடந்து கிடந்து, இப்ப வந்திடும் எண்டு நினைக்கேக்கை நீர் வந்து காலைத் தொடுறீர். நான் எழும்பீடுவன். அவரைக் காணேல்லை."

என் கையிலிருந்த உறையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு வருடம். கிழமைக்கு இரண்டு தரம், மூன்று தரம். ஒவ்வொரு தரமும் நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போய் அவரை அனுப்பியிருக்கிறேன். அதற்கு நன்றி வேறு எதிர்பார்த்திருக்கிறேன்.

"முதலே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"தொடச் சொன்னது நான்தானே. உம்மை மட்டும் என்னெண்டு தொடாதையும் எண்டு சொல்லுறது?"

"நீர்தானே சொன்னனீர், அது ஒண்டுமில்லை, உடம்பு எழும்பாததுதான் எண்டு."

"ஓம். அது அவரில்லை எண்டு எனக்கும் தெரியும்" என்றாள். "தெரிஞ்சு என்ன செய்யிறது? நிக்கிறாரே."

பிறகு என்னிடமிருந்து உறையை வாங்கித் திரும்பப் பேணிக்குள் வைத்தாள். "மேற்றன் தந்த மாதம் முடிய இன்னும் இருவது நாள் கிடக்கு. அதுக்குள்ளை ஒருக்காச் சொல்லிப்போடுவன். சொன்னாப் பிறகு குளிசையைப் போடுறன். அதுமட்டும் தொடாதையும்."

மருந்து கொடுக்கிற ஒருத்தி இதற்குச் சம்மதிக்கலாமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சம்மதித்தேன். மூன்றாம் கட்டில்காரி அந்த மாதம் கால் முறிந்த தாயைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தாள், அது வசதியாகப் போயிற்று. ரீச்சரிடம் மட்டும், முனகல் கேட்டாலும் உள்ளே வரவேண்டாம் என்று சொல்லிவைத்தேன். காரணம் சொல்லவில்லை. டொக்டர் சொன்னார் என்றேன்.

ஒரு மனுசி மூச்சுக்குத் தவித்து முனகுவதைப் பக்கத்துக் கட்டிலில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டிருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்த நாட்களில் கண்டேன். வாசலைப் பார்ப்பேன். பச்சை நிறத் திரைச்சீலையும் ரீச்சரின் செருப்பும்தான் அங்கே இருக்கும். அவள் கழுத்து நரம்பு புடைத்து அடங்கும். நெற்றியில் வேர்வை திரண்டு காதுக்குள் இறங்கும். பிறகு தானாகவே விழிப்பாள். "சரிவரேல்லை" என்பாள். எழும்பி முகம் கழுவி வேலைக்குப் போவாள். அப்படி ஐந்து தரம். இரண்டு பேரும் நித்திரையில்லாமல் வாடிப்போனோம். நான் ஒருநாள் கவுண்டரில் காலை மருந்தை இரவு உறையில் போட்டு, நல்லவேளை கொடுக்க முன்பு கண்டுபிடித்தேன்.

தவணை முடிய நாலு நாள் இருக்கும்போது, நல்ல மழை பெய்த ஒரு மத்தியானம் அது நடந்தது. முனகல் முந்திய நாட்களைவிட நீண்டுபோனது. நான் எழும்பிக் காலடிக்குப் போய் நின்றேன். இவளுக்கு உண்மையாகவே மூச்சு நின்றுவிடப்போகிறது என்று பயந்தேன். என்னை அறியாமல் கை அவள் விரலுக்குப் போயிற்று. மற்றக் கையால் பிடித்து இழுத்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன். அவள் உதடு ஒட்டிக்கிடந்து, கொஞ்சம் விலகி, திரும்ப ஒட்டியது. மூச்சு இரண்டு தரம் நீளமாகப் போயிற்று.

"ஓம்" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. குசினியிலிருந்து யாரோ கேட்டதற்கு அறைக்குள்ளிருந்து சொல்லுகிற அளவில் சொன்னாள். கண் திறந்தது. வெகுநேரம் வாசலைப் பார்த்தபடி கிடந்தாள்.

"சொல்லிப்போட்டன்" என்றாள்.

"அவருக்குக் கேட்டதோ?"

"கேட்டது. தலையை ஆட்டினவர். கதவைச் சாத்திப்போட்டுப் போயிட்டார்."

எங்கள் அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. நான் அதைச் சொல்லவில்லை. அவள் சுவர்ப் பக்கமாகச் சரிந்து படுத்தாள். இரண்டு வருடத்தில் அவள் சரிந்து படுத்து நான் கண்டது அன்றைக்குத்தான். ஆறு மணிவரைக்கும் அசையவில்லை. நான் கிணற்றடிக்குப் போய் மழைக்குள் நின்று அழுதேன். ஏதோ ஒரு நல்ல காரியத்தில் எனக்கும் பங்கிருக்கிறது என்ற சந்தோசத்தில்தான் அழுதேன்.

குளிசை தேவைப்படவில்லை. முனகல் நின்றுவிட்டது. இரண்டு மாதத்தில் அவள் முகம் தெளிந்தது, கண்ணைச் சுற்றியிருந்த கறுப்புப் போனது. இப்போதுதான் ஆளாக இருக்கிறாய் என்று மேற்றன் சொன்னார். ரீச்சர் அதைப் பாக்குவெட்டியின் கணக்கில் எழுதிக்கொண்டார். வார்டில் யாராவது முனகினால் அவள் முன்பு போலவே போய்க் காலடியில் நிற்பாள்.

மழைக்காலம் முடிந்து பனி தொடங்கிய ஒரு நாள், பின்னேரம் நாலு மணிபோல் எனக்கு விழிப்பு வந்தது. அடுத்த கட்டிலில் அவள் மல்லாக்கக் கிடந்தாள். தலையணை நிலத்தில் கிடந்தது. மேசையில் தேத்தண்ணிக் கோப்பை, அடியில் சாயம் கறுப்பாக. கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பவும் அமுக்குதோ?" என்று கேட்டேன்.

"இல்லை. ஒரு மாசமாப் பாக்கிறன். தேத்தண்ணி குடிச்சும் பாத்திட்டன். படுத்தவுடனை நித்திரை வருது, எழும்பினால் முழுசா எழும்பீடுறன்." திரும்பவும் வாசலைப் பார்த்தாள். "ஓம் எண்டு சொல்லாமல் விட்டிருக்கலாம். நிண்டிருப்பார்."

எழும்பிப் போய் அவள் கட்டில் விளிம்பில் இருந்தேன். வெளியே பின்னேர வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகிற பிள்ளைகளின் சத்தம் ஒழுங்கையால் வந்து ஓய்ந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்கிறவளைப் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உங்கடை கவுண்டரிலை, அமுக்க வைக்கிற குளிசை ஒண்டும் இல்லையோ?"

இல்லை என்று சொன்னேன்.